குக் கவுன்ட்டியின் சாவுக் கணக்கு

தலைப்பைப் பார்த்துட்டு "ஏம்ப்பா, நல்ல விஷயமே கிடைக்கலையா உனக்கு?"ன்னு கேக்காதீங்க மக்களே. சிகாகோ பத்தி எழுதறவங்க எல்லாம் விவேகானந்தர், உயரமான கட்டிடம், பீட்சான்னு எழுதி முடிச்சுட்டாங்க. எனக்கு மிச்சம் இருந்தது கவுன்ட்டி ஆபீஸ்தான் :-) கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

அமெரிக்காவில ஒருத்தர் செத்துப்போனா அதை யார் எழுதி வைக்கிறாங்க? வாஷிங்டன் இல்லை. பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூணுமே மாநிலங்களோட சமாச்சாரம். மாநிலங்கள் அந்த வேலையைப் பல இடங்கள்ல கவுன்ட்டி தலையில கட்டிடுச்சு. கவுன்ட்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஆனா கலெக்டர் கிடையாது. ஷெரீஃப், ட்ரெஷரர், கிளார்க் எல்லாரும் பெரும்பாலும் தேர்தல்ல நின்னு ஜெயிச்சு வர்றவங்க. கிளார்க்னதும் ஃபைல் தூக்கற நம்ம ஊர் கிளார்க்கை நினைச்சுடாதீங்க, இங்க அது பெரிய பதவி. சிகாகோ நகரம் இருக்கிறது இல்லினாய் மாநிலத்தோட குக் கவுன்ட்டியில. ஐம்பது லட்சம் ஜனத்துக்கு மேல இருக்கற கவுன்ட்டி. அத்தனை பேரோட சாவுக் கணக்கும் குக் கவுன்ட்டி கிளார்க் கையில.

எங்க டீம்ல ஒருத்தர் இருக்கார். செக் நாட்டு வம்சாவளி. பரம்பரை தேடறது இங்க பல பேருக்கு ஒரு பொழுதுபோக்கு, அவருக்கும் அப்படித்தான். கொள்ளுப்பாட்டியோட தங்கச்சி 1915-ல சிகாகோ ஆத்துல கப்பல் கவுந்து செத்துட்டாங்கன்னு வீட்டுல சொல்லுவாங்களாம். மாநில ஆவணக் காப்பகத்தோட 1916-1950 இறப்பு அட்டவணையில தேடிப் பார்த்துட்டு "ஆளே இல்லையே"ன்னு உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அங்கதான் ஆர்வம் வந்தது. ஒரு டேட்டாபேஸ்ல ரெக்கார்ட் இல்லைன்னா, முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "அந்த டேபிளை எப்ப ஆரம்பிச்சாங்க?"ங்கிறதுதானே. விண்ணப்பிக்கிற முறை என்னவோ ரெண்டு பத்தியில முடிஞ்சுடும். ஆனா எந்த வருஷத்துச் சாவுக்கு எந்த ஆபீஸ்ல கேக்கணும்ங்கிறதுல ஒரு நூத்தம்பது வருஷ சரித்திரம் ஒளிஞ்சிருக்கு.

தீயில போன புத்தகங்கள்

1871 அக்டோபர் 8, ஞாயித்துக்கிழமை ராத்திரி. சிகாகோவில பிடிச்ச தீ 10-ஆம் தேதி வரைக்கும் எரிஞ்சது. சுமார் 300 பேர் செத்தாங்க, ஒரு லட்சம் பேருக்கு வீடு போச்சு. கூடவே கவுன்ட்டி கோர்ட் கட்டிடமும், அதுக்குள்ள இருந்த பதிவேடுகளும் போச்சு. அதனாலதான் குக் கவுன்ட்டியில பிறப்பு, கல்யாணம், இறப்பு எதைக் கேட்டாலும் 1871-க்கு முன்னாடி கிடையாதுன்னு சொல்லிடுவாங்க. பேக்கப் இல்லாத சர்வர் கதைதான்.

ஆனா ஒரு விஷயத்துக்கு மட்டும் பேக்கப் இருந்தது. நிலம்! யார் நிலம் யாருக்குக் கைமாறினதுன்னு சுருக்கக் குறிப்பு எடுத்து வெச்சு வியாபாரம் பண்ணின மூணு தனியார் கம்பெனிகள் இருந்தது. நம்ம ஊர் வில்லங்கச் சான்றிதழ் மாதிரி வேலை. தீ நெருங்கினப்ப அந்தக் கம்பெனிக்காரங்க தங்களோட புத்தகங்கள்ல கணிசமானதைக் காப்பாத்திட்டாங்க. மூணு கம்பெனி புத்தகத்தையும் சேர்த்து வெச்சா ஏறக்குறைய முழுக் கணக்கும் வந்துடுச்சு. 1872-ல் 'எரிந்த ஆவணங்கள் சட்டம்'னே ஒண்ணு போட்டு, அந்தக் குறிப்புகளைக் கோர்ட்டுல சாட்சியா ஏத்துக்கிட்டாங்க. நிலத்துக்குப் பின்னாடி பணம் இருந்தது, அதனால அந்தக் கணக்கைத் தூக்கிட்டு ஓட ஆள் இருந்தது. செத்தவங்க கணக்குக்கு அப்படி ஒரு காப்பி போட்டு வைக்கணும்னு யாருக்கும் தோணலை.

1871-க்கு முன்னாடி செத்த ஒருத்தரைத் தேடணும்னா பழைய செய்தித்தாள், சர்ச் பதிவேடு, கல்லறைத் தோட்டத்துப் புத்தகம்னு அலையணும். 1850, 1860, 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஒரு தனித்தாள் உண்டு. ஜூன் 1-க்கு முந்தின 12 மாசத்துல அந்த வீட்டுல யாராவது செத்தாங்களான்னு கேட்டு எழுதினது. பத்து வருஷத்துல ஒரே ஒரு வருஷத்துச் சாவுதான் அதுல வரும். அதிலயும் விட்டுப்போனது ஏராளம்.

தீக்கு அப்புறமும் உடனே எல்லாம் ஒழுங்காகிடலை. 1877-ல்தான் இல்லினாய் மாநிலத்துக்கு ஒரு சுகாதார வாரியம் வந்தது. பிறப்பையும் இறப்பையும் கவுன்ட்டி கிளார்க்கிட்ட சொல்லியாகணும்னு டாக்டர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் உத்தரவு போட்டாங்க. போட்டதோட சரி, நிறைய பேர் கண்டுக்கலை. மாநில அளவுல ஒரே மாதிரி பதிவு 1916-ல்தான் ஆரம்பிச்சது. நண்பர் தேடின அட்டவணை அங்கிருந்து தொடங்குது. 1915 சாவு அதுல எப்படி இருக்கும்?

நாடு முழுக்கப் பார்த்தா இன்னும் தமாஷ். 1900-ல் மத்திய அரசு 'இறப்புப் பதிவுப் பகுதி'ன்னு ஒண்ணை வெச்சு வருஷா வருஷம் கணக்கு எடுக்க ஆரம்பிச்சப்ப, அதுல இருந்தது 10 மாநிலமும், தலைநகரும், சில நகரங்களும்தான். ஒழுங்காப் பதியற மாநிலத்தை மட்டும் ஒவ்வொண்ணா உள்ளே விட்டாங்க. இல்லினாய் நுழைஞ்சது 1918-ல். டெக்ஸாஸ் கடைசியா 1933-ல். அதாவது அமெரிக்காவில மொத்தம் எத்தனை பேர் செத்தாங்கங்கிறதுக்கு முழு நாட்டுக் கணக்கு இருக்கிறது 1933-லிருந்துதான்!

சாகாத 90,000 பேர்

"சரி, இந்தப் பழைய பேப்பரால என்ன பிரயோஜனம்?"னு கேக்கறவங்களுக்கு ஒரு கதை. 1885 ஆகஸ்ட் 2-ஆம் தேதி சிகாகோவில பேய்மழை. ஆத்துச் சாக்கடையெல்லாம் ஏரியில கலந்து, குடிதண்ணி கெட்டு, காலராவும் டைஃபாய்டும் வந்து நகரத்துல நூத்துக்கு 12 பேர் செத்தாங்கன்னு ரொம்ப வருஷமா எழுதிக்கிட்டே இருந்தாங்க. கணக்குப் போட்டா 90,000 பேர் கிட்ட வரும். சிகாகோ ஆத்தைத் திருப்பி விட்டு, 1900-ல் அது ஏரிக்கு எதிர்ப்பக்கமா ஓட ஆரம்பிச்சதே, அந்தச் சாதனைக்குக் காரணம் இந்தச் சாவுகள்தான்னு புத்தகங்கள்ல வந்தது.

மழை பெய்தது நிஜம். 90,000 சாவு பொய். ஆத்தோட சரித்திரத்தை ஆராய்ச்சி பண்ணின லிப்பி ஹில் 2000-ல் வெளிவந்த தன் புத்தகத்துல இதை உடைச்சார். அந்த வருஷத்து இறப்புக் கணக்குல அப்படி ஒரு கொள்ளைநோயே கிடையாது. 2005-ல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையும் தான் எழுதி வந்ததைத் திருத்திக்கிட்டது. ஆத்தைத் திருப்பக் காரணம் இல்லாமப் போகலை. 1891-ல் டைஃபாய்டால லட்சத்துக்கு 174 பேர் செத்தாங்க, அதே பெரிய கொடுமை. ஆனா 12 சதவீதம் இல்லை. அக்கறையில்லாத டாக்டர்களும் சலிச்சுப்போன குமாஸ்தாக்களும் எழுதினதுதான், இருந்தாலும் நூறு வருஷக் கட்டுக்கதையை அந்தக் கணக்கு கவுத்துடுச்சு.

1915 ஜூலை 24

நண்பரோட குடும்பக் கதையில வர்ற கப்பல் பேர் ஈஸ்ட்லேண்ட். சிகாகோ பக்கத்துல சிசரோங்கிற ஊர்ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோட ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. டெலிபோன் சாமான் செய்யற இடம். செக், போலந்து நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அதுல நிறைய பேர் வேலை பார்த்தாங்க. வருஷா வருஷம் கம்பெனி பிக்னிக். அந்தச் சனிக்கிழமை காலையில 2,500 பேருக்கு மேல ஏறினாங்க. கப்பல் கரையில கட்டின கயிறு முழுசா அவிழக்கூட இல்லை. ஏழரை மணி வாக்கில அப்படியே பக்கவாட்டுல சாய்ஞ்சது. தண்ணி ஆழம் இருபது அடிதான். கரை கைக்கெட்டற தூரம். 844 பேர் செத்துப்போனாங்க. 22 குடும்பங்கள்ல ஒருத்தர்கூட மிஞ்சலை. டைட்டானிக்குக்கு அப்புறம் வந்த பாதுகாப்புச் சட்டத்துக்காக அந்த மாசம்தான் மேல்தளத்துல உயிர்காப்புப் படகுகளைக் கூடுதலா ஏத்தியிருந்தாங்க. ஏற்கனவே தள்ளாடற கப்பலுக்கு மேல்பாரம் கூடிப்போச்சு. கொடுமையைப் பாருங்க.

சடலங்களுக்கு எண் போட்டு, ஒரு ராணுவப் பயிற்சிக் கூடத்துல வரிசையா வெச்சாங்க. சொந்தக்காரங்க வந்து பார்த்து அடையாளம் சொல்லணும். 396-ஆம் எண்ணுக்கு மட்டும் நாள் கணக்கா யாரும் வரலை. ஒரு சின்னப் பையன். யாரும் வராததுக்குக் காரணம், அப்பா, அம்மா, அக்கா மூணு பேரும் அதே கப்பல்ல போயிட்டாங்க. கடைசியில பாட்டி வந்தாங்க. பேரனுக்கு வாங்கின பழுப்பு நிற சூட்டோட ரெண்டு கால்சட்டை வந்திருந்தது. வீட்டுல இருந்த இன்னொண்ணை எடுத்துட்டு வந்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது ஏழு வயசு வில்லின்னு உறுதியாச்சு. ஒரு எண் பேரா மாற ஒரு பாட்டியும் ஒரு கால்சட்டையும் தேவைப்பட்டது. கவுன்ட்டி ரிஜிஸ்தர்ல இருக்கிற ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் இப்படி யாரோ ஒருத்தர் நின்னு "இது இன்னார்"னு சொல்லியிருக்காங்க.

நம்ம துறை உள்ளே வர்ற இடம்

1915 சாவுன்னா கவுன்ட்டிதான். மாநிலத்துல 1916-க்கு முந்தின இறப்புகளுக்குத் தனி அட்டவணையும் உண்டு, ஃபேமிலிசர்ச் தளத்துல குக் கவுன்ட்டி இறப்பு அட்டவணை இலவசமாவே கிடைக்குது. ஆனா நண்பர் தங்கள் வீட்டு ஸ்பெல்லிங்ல தேடினா அதிலயும் கிடைக்கலை.

இங்க ஒரு கொசுறு. எஸ்க்யூஎல்ல சவுண்டெக்ஸ்னு ஒரு ஃபங்ஷன் பார்த்திருப்பீங்க, பெரும்பாலும் யாரும் தொட மாட்டோம். அது கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே வந்தது. ராபர்ட் ரஸ்ஸல்ங்கிறவர் 1918-ல் காப்புரிமை வாங்கினார். பேரோட முதல் எழுத்தை வெச்சுக்கிட்டு, மீதி மெய்யெழுத்துகளை ஒலிக்கூட்டம் வாரியா எண்ணா மாத்தி, மூணு இலக்கத்தோட நிறுத்திடணும். 1930-கள்ல பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இதை வெச்சுத்தான் அட்டை அட்டவணை போட்டாங்க.

ஆனா அது இங்கிலீஷ் காதுக்குச் செய்தது. நோவோட்னிங்கிறது செக் மக்கள்ல ரொம்ப சாதாரணமான குடும்பப் பேர். நடுவுல 'வி' போட்டா கோட் என்-135. அதையே ஜெர்மன்காரங்க மாதிரி 'டபிள்யூ' போட்டா, டபிள்யூவை சவுண்டெக்ஸ் கண்டுக்காது, என்-350 ஆயிடும். ஒரே உச்சரிப்பு, ரெண்டு வேற பெட்டி. நமக்கும் இதே கதிதான். 'தமிழ்ச்செல்வன்'ல ழகரத்துக்கு 'எல்' போடறவர் ஒரு கோட்ல இருப்பார், 'இசட் எச்' போடறவர் வேற கோட்ல இருப்பார் :-)

நண்பருக்கு மூணாவது ஸ்பெல்லிங்ல கிடைச்சது. எழுதினது செக் மொழி தெரியாத ஒரு குமாஸ்தா. காதுல விழுந்ததை எழுதியிருக்கார், அவ்வளவுதான்.

சரி, எப்படிக் கேக்கறது?

1. செத்தது எந்த கவுன்ட்டியில? குடியிருந்த ஊரோ, புதைச்ச ஊரோ கணக்கில்லை. பக்கத்து கவுன்ட்டிக்காரர் சிகாகோ ஆஸ்பத்திரியில போயிருந்தா அது குக் கவுன்ட்டி பதிவு.

2. எந்த வருஷம்? இல்லினாய் சட்டப்படி இறப்புப் பதிவுக்கு 20 வருஷம் ஆயிட்டா பரம்பரை ஆராய்ச்சிக்காக யாரும் கேக்கலாம் (கல்யாணத்துக்கு 50, பிறப்புக்கு 75). அதுக்குள்ளன்னா குடும்ப உறவோ சொத்து உரிமையோ காட்டணும்.

3. முழுப்பேர், சுமாரான தேதி, இடம், உங்க அடையாள அட்டை நகல். நேர்ல, தபால்ல, இணையத்துல மூணு வழியும் உண்டு. கட்டணத்தை அன்னிக்கு கிளார்க் தளத்துல பார்த்துக்குங்க. முதல் காப்பிக்கு ஒரு ரேட், கூட வாங்கற காப்பிக்குக் கம்மி.

4. சந்தேகத்துக்கு இடமான சாவுன்னா கொரோனர் விசாரணைக் குறிப்பு தனியா இருக்கும். 1872 முதல் 1911 வரைக்கும் உள்ள குக் கவுன்ட்டி கொரோனர் விசாரணைகளுக்கு மாநில ஆவணக் காப்பகத்துல அட்டவணை இருக்கு. 1976-ல் கொரோனர் பதவியை எடுத்துட்டு மெடிக்கல் எக்ஸாமினர் ஆபீஸ் கொண்டுவந்துட்டாங்க.

5. எந்தக் காப்பி வேணும்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. பரம்பரைக் காப்பி படிக்க மட்டும்தான். பேங்க், இன்ஷூரன்ஸ், சொத்துன்னா முத்திரை போட்ட சான்றிட்ட காப்பி.

மத்த மாநிலங்கள் வேற மாதிரி. ஒஹையோவில 1867-லிருந்து 1908 வரைக்கும் கவுன்ட்டி ப்ரோபேட் கோர்ட். பென்சில்வேனியாவில 1906-லிருந்து மாநிலம், அதுக்கு முன்னாடி 1893-1905 கவுன்ட்டி. கனெடிகட்ல கவுன்ட்டி அரசாங்கமே 1960-ல் ஒழிஞ்சுடுச்சு, டவுன் கிளார்க்கிட்டதான் போகணும். மிசௌரி மாதிரி தாராளம் யாரும் இல்லை, 1910-லிருந்து 50 வருஷம் தாண்டின சான்றிதழ் எல்லாத்தையும் படமாவே இலவசமா இணையத்துல போட்டுட்டாங்க. கலிஃபோர்னியாவில 2003-லிருந்து யார் வேணா வாங்கலாம், ஆனா உறவு நிரூபிக்காதவங்களுக்குத் தர்ற காப்பியில 'அடையாளத்துக்குச் செல்லாது'ன்னு பெரிசா அச்சடிச்சிருக்கும். செத்தவங்க பேர்ல பாஸ்போர்ட் எடுக்கற பயம்தான். 'தி டே ஆஃப் தி ஜக்கால்' படிச்சவங்களுக்குப் புரியும்.

தகவல் தந்தவர்

நம்ம ஆளுங்களும் இந்தப் புத்தகத்துல வந்தாச்சு. நோபல் பரிசு வாங்கின சுப்ரமணியன் சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவிலதான் காலமானார். 2015-லயே 20 வருஷம் தாண்டிடுச்சு. பெருசா பேர் வாங்காத நம்மவங்களும் எத்தனையோ பேர் இந்த ஊர்லயே முடிஞ்சு போறாங்க. அவங்களுக்கு ஊர்ல பட்டா மாத்தணும், வாரிசுச் சான்றிதழ் வாங்கணும்னா அமெரிக்கச் சான்றிட்ட காப்பியோட அபோஸ்டில் முத்திரையும் கேப்பாங்க. இல்லினாய்ல அதை மாநிலச் செயலர் அலுவலகம் தருது. இந்தியா இந்த ஒப்பந்தத்துல சேர்ந்தது 2005-ல்.

அந்தச் சான்றிதழ்ல ஒரு கட்டம் இருக்கு, 'தகவல் தந்தவர்'னு. பேர், வயசு, அப்பா பேர், அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேர், பிறந்த ஊர், செய்த தொழில் எல்லாமே அந்த ஆள் சொல்றதுதான். டாக்டருக்குத் தெரிஞ்சது சாவுக்கான காரணம் மட்டும். மத்தது எல்லாம் அழுதுட்டு இருக்கிற ஒரு மனுஷன் ஞாபகத்துலேர்ந்து சொன்னது. ஆராய்ச்சிக்காரங்க இதை நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. இறப்புச் சான்றிதழ் இறப்புக்குத்தான் நேர்சாட்சி, பிறப்புக்கு அது செவிவழிச் செய்திதான்.

குடும்பப் பேரே இல்லாத நமக்கு அந்தக் கட்டங்கள்ல என்ன எழுதறது? இனிஷியலை விரிச்சா அது கடைசிப் பேரா? அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி பேருன்னா தாத்தா பேரா? ஒவ்வொரு வீட்டுல ஒவ்வொரு மாதிரி எழுதுவோம். நூறு வருஷம் கழிச்சு ஒரு கொள்ளுப்பேத்தி கவுன்ட்டி தளத்துல தட்டிப் பார்த்துட்டு "ஆளே இல்லையே"ன்னு சொல்லுவா. 'பதிவு இல்லை'ன்னு ஒரு ஆபீஸ் கடிதம் கொடுத்தா, அந்த மனுஷன் வாழலைன்னு அர்த்தம் இல்லை. யாரும் சரியாச் சொல்லலை, இல்லை யாரும் சரியா எழுதலை, இல்லை எழுதினது எரிஞ்சுபோச்சு. இந்த மூணுல நம்ம கையில இருக்கிறது முதலாவது மட்டும்.

அதனால ஒரு வேலை சொல்றேன். அப்பா அம்மாவோட முழுப்பேர், பாஸ்போர்ட்ல இருக்கற அதே ஸ்பெல்லிங், பிறந்த ஊர், அவங்க அப்பா அம்மா பேர், அத்தனையும் ஒரு தாள்ல எழுதி, வீட்டுல ரெண்டு பேருக்குத் தெரியற இடத்துல வைங்க. அபசகுனம்னு யாராவது சொன்னா, குடும்ப மரம் வரையறேன்னு சொல்லிக்குங்க. உங்க ஊர்ல, உங்க கவுன்ட்டியில இந்த மாதிரி தேடின அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எந்த ஸ்பெல்லிங்ல கிடைச்சதுன்னும் மறக்காம எழுதுங்க.